ஜெய்ப்பூருக்குப் போனால் எழுத வருமா?

குளிர்காலம் வந்தால் வட இந்தியாவில் பந்தல்காரர்களுக்கு இரண்டு வகை வேலை. ஒன்று கல்யாணம், இன்னொன்று இலக்கிய விழா. இரண்டிலும் ஷாமியானா உண்டு, ஒலிபெருக்கி உண்டு, டீக்கு வரிசை உண்டு, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தேடும் கண்கள் உண்டு. கல்யாணம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இலக்கிய விழா யாருக்கு என்பதுதான் சற்று யோசிக்க வேண்டிய விஷயம். மேடையில் பேசுகிறவருக்கா, புத்தகம் விற்கிறவருக்கா, அல்லது கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞருக்கா?

முதல் இரு தரப்பினரும் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். மூன்றாமவரின் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அவர் இன்னும் புத்தகம் போடவில்லை. இரண்டு மூன்று கதைகள் சிறுபத்திரிகைகளில் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வீட்டில் அவர் எழுதுவது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப் பேருக்குப் பிடிக்காது. அவர் எதற்காக ரயிலேறி வருகிறார், எதை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்?

இந்தியாவில் இன்று இந்த விழாக்களுக்குப் பஞ்சமில்லை. ஜெய்ப்பூர் இலக்கிய விழா 2006-ல் தொடங்கியபோது அது நகரத்தின் மரபுக் கலை விழாவின் ஒரு சிறு பகுதி. நூறு பேர் அளவுக்குத்தான் கூட்டம். பிறகு அது டிக்கி பேலஸ் வளாகம் கொள்ளாத அளவுக்குப் பெருகி, 2021-ல் இணையத்துக்குப் போய், 2022-ல் கிளார்க்ஸ் ஆமேர் ஓட்டலுக்கு இடம் மாறியது. கோழிக்கோட்டின் கடற்கரையில் 2016 முதல் கேரள இலக்கிய விழா நடக்கிறது. டெல்லியில் சாகித்ய அகாதெமி ஆண்டுதோறும் தன் விருதுகளை ஒட்டி விழா எடுக்கிறது. கோவையில் 2010 முதல் வழங்கப்படும் விஷ்ணுபுரம் விருதைச் சுற்றி, டிசம்பர் மாதத்தில் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடுகிறார்கள்.

சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். ஜனவரியில் அங்கே சுற்றுலாப் பயணிகளின் கூட்டம். விடுதி வாடகை கேட்டால் தலை சுற்றும். ஒப்பந்த ஆசிரியராகவோ கடைச் சிப்பந்தியாகவோ வேலை பார்க்கும் ஓர் இளம் எழுத்தாளருக்கு இது ஒரு மாதச் சம்பளம், நான்கு நாள் விடுப்பு. ஆகவே 'போவதால் என்ன லாபம்' என்ற கேள்வி அவரைப் பொறுத்தவரை வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை.

முதலில் பழைய கதை ஒன்று. முப்பதுகளின் தொடக்கத்தில் மைசூரில் ஓர் இளைஞர் தன் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை லண்டன் பதிப்பாளர்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். அது போன வேகத்திலேயே திரும்பி வந்தது. கடைசியில் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்குப் பிரதி போய்ச் சேர்ந்தது. கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்றுகூட இளைஞர் எழுதிவிட்டார். நண்பர் அப்படிச் செய்யவில்லை. கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்தார், பதிப்பாளரிடம் பேசினார். 1935-ல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. ஆர்.கே. நாராயண் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. நாவல் நன்றாக இருந்தது என்பது உண்மை. ஆனால் திருப்பி அனுப்பியவர்கள் கையிலும் அதே நாவல்தான் இருந்தது. நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

இன்னொரு கதை கல்கத்தாவில். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த தலித் குடும்பத்துப் பிள்ளை; சிறையில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். வெளியே வந்து ஜாதவ்பூர் பக்கம் ரிக்‌ஷா இழுத்தார், கிடைத்த நேரத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தார். புத்தகத்தில் பார்த்த 'ஜிஜீவிஷா' என்ற சொல் அவருக்குப் புரியவில்லை. ஒருநாள் வண்டியில் ஏறிய ஆசிரியை போன்ற ஒரு பெண்மணியிடம் அதன் பொருளைக் கேட்டார். உயிர் வாழ வேண்டும் என்ற வேட்கை என்று சொன்ன அந்தப் பெண்மணி, இந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார். அவர் மகாசுவேதா தேவி. தன் 'பர்த்திகா' பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். 1981-ல் அதில் வெளிவந்த கட்டுரையோடு மனோரஞ்சன் பியாபாரி எழுத்தாளரானார். 2018-ல் ஜெய்ப்பூர் விழாவின் மேடையில் அவர் பேசியபோது, அதற்கு முந்தைய பல ஆண்டுகளை ஒரு பள்ளியில் சமையல்காரராகக் கழித்திருந்தார்.

இந்த இரண்டு சந்திப்புகளும் தற்செயல். ஆக்ஸ்போர்டில் நண்பர் இல்லாத நாராயண்கள் எத்தனை பேர், வேறு சவாரி ஏறிய ரிக்‌ஷாக்காரர்கள் எத்தனை பேர் என்று நாம் கணக்கு எடுக்க முடியாது. இலக்கிய விழா என்பது இந்தத் தற்செயலுக்குத் தேதியும் இடமும் குறிக்கும் ஏற்பாடு என்று சொல்லலாம். எழுத்தாளர், பதிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், பத்திரிகை ஆசிரியர் எல்லோரும் நான்கைந்து நாட்கள் ஒரே வளாகத்தில் நடமாடுகிறார்கள். தந்தையோ மாமாவோ இலக்கிய உலகில் இல்லாத ஒருவருக்கு, இந்த அண்மை வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது.

ஆனால் பியாபாரியின் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் 'என் கதையைப் போடுவீர்களா' என்று கேட்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டார். ஜெய்ப்பூரில் அமர்வு முடிந்து கேள்வி நேரம் வந்ததும் ஒலிவாங்கியைப் பிடிக்கிறவர்களைப் பாருங்கள். பாதிப் பேர் கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள். மீதியில் பாதிப் பேர், 'நானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன்' என்று ஆரம்பிக்கிறார்கள். மேடையில் இருப்பவர் புன்னகை செய்கிறார், நேரம் முடிகிறது. அந்த நாவல் எழுதியவர், மேடையில் இருப்பவரின் புத்தகத்தைப் படித்துவிட்டு அதில் ஒரு பக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தால், உரையாடல் டீ வரிசைவரை நீண்டிருக்கும். விழாவுக்குப் போகிறவர் செய்ய வேண்டிய பெரிய ஏற்பாடு டிக்கெட் எடுப்பது அல்ல. வரப்போகிறவர்களில் மூன்று பேரையாவது முன்கூட்டிப் படித்துவிட்டுப் போவது.

போனவருக்கு முதலில் கிடைப்பது ஒரு வகை ஏமாற்றம். அதுவும் லாபம்தான். எழுத்தாளர் என்றால் ஏதோ வரம் வாங்கி வந்தவர் என்ற பிரமை, அவர் வாயாலேயே கலைகிறது. பெரும்பாலான அமர்வுகளில் அவர்கள் பேசுவது தாங்கள் பட்ட பாட்டைத்தான். எழுதி எடுத்து வைத்தது, ஆறு மாதம் கழித்துக் கிழித்தது, நூறு பக்கம் போன பிறகு கதையைச் சொல்வது வேறு ஆள் என்று தெரிந்தது. கீதாஞ்சலி ஸ்ரீயை 2022-ல் சர்வதேச புக்கர் பரிசு வந்த பிறகுதான் நாட்டில் பலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய முதல் கதைத் தொகுதி 1991-ல் வந்தது. பரிசு பெற்ற 'ரேத் சமாதி' அவருடைய ஐந்தாவது நாவல். நான்காவது நாவலுக்கும் அதற்கும் நடுவே 12 ஆண்டுகள். இருபத்து நான்கு வயதில் 'இன்னும் எனக்குப் பெயர் வரவில்லையே' என்று தவிக்கிறவருக்கு இந்த எண்கள் நல்ல மருந்து.

இரண்டாவது லாபம், பிற மொழிகள். தமிழில் எழுதத் தொடங்கும் ஒருவர் தன்னைத் தமிழில் எழுதும் நான்கு பேரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். பெரும்பாலும் அந்த நான்கு பேரும் அவருடைய நண்பர்கள் அல்லது எதிரிகள். சாகித்ய அகாதெமி அங்கீகரித்திருக்கும் மொழிகள் 24. மராத்தியில் தன் வயதுக்காரர் எதை எழுதுகிறார், அசாமியில் சிறுகதை எங்கே நிற்கிறது, மணிப்புரிக் கவிஞருக்கு எது அன்றாடப் பிரச்னை என்று ஒரே நாளில் கேட்கும்போது அளவுகோல் மாறிவிடுகிறது. தான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த உத்தி கன்னடத்தில் நாற்பது வருடப் பழசு என்று தெரியலாம். தான் சாதாரணம் என்று ஒதுக்கிய தன் ஊர் விஷயம், வேறு எந்த மொழியிலும் இல்லாத சரக்கு என்றும் தெரியலாம். இரண்டுமே தெரிய வேண்டியவை.

இதற்குப் பெரிய மேடையை நம்பக் கூடாது. ஜெய்ப்பூரில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் அமர்வுகள் நடக்கும். முன்புல்வெளியில் நடிகரோ கிரிக்கெட் வீரரோ பேசினால் நிற்க இடம் இருக்காது. அதே நேரத்தில் 'பைட்டக்' போன்ற சிறிய அரங்கில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு வாக்கியத்தை எப்படிக் கொண்டு செல்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். எழுத வேண்டியவர் உட்கார வேண்டிய இடம் அது. நடிகரைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம்.

மொழிகளின் நடுவே மேடு பள்ளம் உண்டு என்பதும் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும். 2002-ல் நீம்ரானா கோட்டையில் இந்திய எழுத்தாளர்களின் சர்வதேச விழா ஒன்று நடந்தது. வி.எஸ். நைபால் பொறுமை இழந்து நயன்தாரா செகாலின் பேச்சில் குறுக்கிட்டதைத்தான் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஆனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் பிற இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கும் இடையில் உள்ள மனத்தாங்கல் அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் முன்பணமும் அறையும் விளக்கும் வேறு; மற்ற மொழிக்காரருக்குக் கிடைப்பது வேறு. இந்த வித்தியாசம் இன்றும் போய்விடவில்லை. தன் மொழியில் எழுதும் இளைஞர் ஜெய்ப்பூரிலிருந்து தாழ்வு மனப்பான்மையோடு திரும்புவதும் உண்டு. அவர் இன்னொன்றையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். 2022-ல் இந்தி, 2025-ல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் என்று புக்கர் பரிசு வந்த இரண்டு முறையும், 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளருக்குப் போனது. டெய்சி ராக்வெல்லும் தீபா பாஸ்தியும் இல்லாமல் அந்தப் புத்தகங்கள் அந்த மேசைக்கே வந்திருக்காது. ஆங்கிலத்தில் எழுத முயல்வதைவிட, தன் மொழியில் நன்றாக எழுதி ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரைத் தெரிந்துவைத்திருப்பது கெட்டிக்காரத்தனம். மொழிபெயர்ப்பாளர்கள் கூட்டமாகக் கிடைக்கும் இடம் விழாதான்.

மூன்றாவது லாபத்தைப் பற்றி இலக்கியவாதிகள் பேசக் கூச்சப்படுவார்கள். அது பணம். ஜெய்ப்பூரில் 2014 முதல் பதிப்புத் தொழிலுக்கென்றே 'புக்மார்க்' என்று தனிப் பிரிவு நடக்கிறது. பதிப்பாளர்கள் அங்கே உரிமைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக் காதில் விழாத இளம் எழுத்தாளர், முதல் புத்தகம் வந்தால் போதும் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். தாளே இல்லாமல் வாய்வார்த்தையில் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சட்டம் அவர் பக்கம் கொஞ்சம் இருக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும். 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் கையெழுத்தோடு எழுத்து மூலம் இருந்தால்தான் உரிமை மாற்றம் செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்தப் பிரதேசத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு விதமாக ஒப்பந்தத்தில் எழுதாத பட்சத்தில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். எழுத்தாளர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. அச்சுப் புத்தகம், மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி உரிமைகள். ஒரே வரியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'பணம் கொடுத்தால் உங்கள் நூலைப் போட்டுத் தருகிறோம்' என்கிறவரை அச்சகம் என்று நினைத்துக்கொள்ளலாம். பதிப்பகம் என்று நினைத்தால் மனம் புண்படும். அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழங்கப்படுகிறது என்பதும், அதற்குப் புத்தகம் ஒன்று வெளிவந்திருக்க வேண்டும் என்பதும் இப்படித்தான் காதில் விழும். இவை எதுவும் கதையை நல்ல கதையாக்காது. ஆனால் கதை எழுதியவரை ஏமாறாமல் காக்கும்.

நான்காவது, கூட்டாளிகள். மேடையில் இருக்கும் பெரியவர் நம் கையெழுத்துப் பிரதியைப் படிக்க மாட்டார். அவருக்கு நேரமில்லை, அது அவருடைய கடமையும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கற்றுக்குட்டி படிப்பார். சொந்த ஊர் நண்பர் முகத்துக்காக 'பிரமாதம்' என்பார். வேறு ஊர்க்காரருக்கு அந்தத் தயவு தேவையில்லை. 'மூன்றாவது பக்கத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது, முதல் இரண்டை எடுத்துவிடுங்கள்' என்று சொல்லக்கூடிய ஒருவரை ஒரு விழாவில் சம்பாதித்துக்கொண்டால், ரயில் கட்டணம் வசூலாகிவிட்டது. விழாவை ஒட்டிப் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் பட்டறை நடந்தால் பத்து அமர்வுகளை விட்டுவிட்டு அதில் சேரலாம். அங்கே நம் பக்கத்தை நாமே உரக்கப் படிக்க வேண்டியிருக்கும். எந்த இடத்தில் மற்றவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பது உடனே தெரியும்.

இலக்கியக் கூடுகையிலிருந்து எழுத்தாளர் எதை எடுத்துவர முடியும் என்பதற்குத் தமிழில் நல்ல உதாரணம் அசோகமித்திரன். அவர் அப்போது ஆரம்ப எழுத்தாளர் அல்ல. 1973-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துச் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். பல நாட்டு எழுத்தாளர்களோடு மாதக் கணக்கில் தங்கும் ஏற்பாடு அது. அங்கே கேட்ட சொற்பொழிவுகளை அவர் நமக்குக் கொண்டுவரவில்லை. கூட இருந்த மனிதர்களைக் கொண்டுவந்தார். அவர்களுடைய தனிமை, பிடிவாதம், சில்லறைச் சண்டைகள், குளிர். 'ஒற்றன்' அப்படி வந்த நூல். மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே இருந்திருந்தால் அது வந்திருக்காது.

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விழாவுக்குப் போகாவிட்டால் எழுத்தாளராக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜெய்ப்பூர் இருக்கும் அதே ராஜஸ்தானில் போருந்தா என்ற கிராமத்தில் விஜய்தான் தேத்தா என்பவர் வாழ்ந்தார். கோமல் கோத்தாரியோடு சேர்ந்து 1960-ல் அங்கே ஒரு நாட்டார் வழக்காற்று அமைப்பைத் தொடங்கினார். கிராமத்து வாய்மொழிக் கதைகளைக் கேட்டு, தன் கைப்பக்குவத்தோடு ராஜஸ்தானியில் மறுபடி எழுதினார். 14 தொகுதிகள். ராஜஸ்தானி மொழிக்கான முதல் சாகித்ய அகாதெமி விருது 1974-ல் அவருக்குத்தான் வந்தது. மணி கவுல் அவருடைய கதையை 1973-ல் 'துவிதா' என்று படமாக்கினார். அதே கதை 2005-ல் 'பஹேலி' ஆயிற்று. உலகம்தான் போருந்தாவுக்குப் போக வேண்டியிருந்தது.

விழா ஒரு போதையாகவும் ஆகலாம். ஒரு சீசனில் நான்கு ஊர்களுக்குப் போய், நாற்பது பேரோடு படம் எடுத்துக்கொண்டு, ஒரு கதைகூட எழுதாதவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர்களோடு இருப்பது எழுதுவதைப் போலவே ஒரு நிறைவைத் தருகிறது, ஆபத்து அங்கேதான். விழா தன்னைக் காப்பாற்றும் என்றும் நினைக்கக் கூடாது. 2012 ஜனவரியில் சல்மான் ருஷ்டி ஜெய்ப்பூருக்கு வர முடியவில்லை. எதிர்ப்பினால் அவருடைய வீடியோ பேச்சும் கடைசி நாளில் கைவிடப்பட்டது. அவருடைய தடைபட்ட நாவலிலிருந்து மேடையில் வாசித்த நான்கு எழுத்தாளர்கள் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. பந்தல் நெருக்கடியில் எவ்வளவு தாங்கும் என்பதையும் இளம் எழுத்தாளர் தெரிந்துகொள்வது நல்லது.

விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடைக்கு வருகிறவருக்கு விமான டிக்கெட்டும் நட்சத்திர ஓட்டலும் கொடுக்கிறீர்கள், சரி. அதில் ஓர் அறையின் செலவை எடுத்தால், சிறிய ஊர்களிலிருந்து வரும் நான்கைந்து இளைஞர்களுக்குத் தூங்கும் வகுப்பு டிக்கெட்டும் தர்மசாலையில் படுக்கையும் தரலாம். இந்திய மொழி அமர்வுகளைக் காலை முதல் நேரத்திலும் கடைசி அரங்கிலும் தள்ளிவிடாமல், ஆங்கில அமர்வுகளுக்கு நடுவே வைக்கலாம். பட்டறைகளுக்குக் கட்டணத்தைப் பார்க்காமல், அனுப்பிய பக்கங்களைப் பார்த்து ஆள் எடுக்கலாம். அடுத்த பியாபாரி வருவதற்குக் கட்டணச் சீட்டு தடையாக இருந்தால், பழைய பியாபாரியை மேடையேற்றிக் கைதட்டுவதில் பெரிய அர்த்தம் இல்லை.

போய்வந்த இளைஞருக்கு லாபமா நஷ்டமா என்பதை ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். பையில் எத்தனை விசிட்டிங் கார்டு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். பாதியில் நிறுத்திய அந்தக் கதையை எடுத்துப் பார்க்கட்டும். முன்பு பிடித்திருந்த பத்தி ஒன்று இப்போது பிடிக்கவில்லை, அதை அடிக்கக் கை கூசவில்லை என்றால் போனது வீண்போகவில்லை. எல்லாம் அப்படியே பிடித்திருந்தால், அடுத்த ஜனவரியில் ஜெய்ப்பூர் வேண்டாம். அந்த ரயில் காசுக்குப் புத்தகம் வாங்கலாம்.